மேப்பில் இல்லாத பச்சைமேடு டிவிஷன்

போன மாதம் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை 9.12 மணிக்கு என் கைப்பேசிக்கு வந்த செய்தியை அப்படியே தருகிறேன்:

"வணக்கம் ஐயா. நான் தோட்டத்துப் புது அசிஸ்டன்ட் மேனேஜர் ஷாலினி. ஆபீஸ் அலமாரியைக் காலி பண்ணும்போது 'பச்சைமேடு டிவிஷன்'னு ஒரு ஃபைல் கிடைச்சது. பெரட்டு நேரம், கொழுந்து ரவுண்டு, மழை அளவு எல்லாம் இருக்கு. ஆனா மேப்புல அந்த டிவிஷனைக் காணோம். ஒரு நாளைக்கு நாற்பது மணி நேரம்னு வேற போட்டிருக்கு. டைப்பிங் தப்பா? இல்ல நிலத்தை வித்துட்டாங்களா? லேண்ட் ஆபீசுக்கு எழுதறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

9.15க்குப் பதில் அனுப்பினேன்: "லேண்ட் ஆபீசுக்கு எழுத வேண்டாம். அந்த டிவிஷன் பூமியில் இல்லை."

9.17க்கு அந்தப் பெண்ணிடமிருந்து ஒரே ஒரு கேள்விக்குறி வந்தது. அதற்குக் கைப்பேசியில் பதில் சொல்ல முடியாது. ஆகையால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் மணியம். தோட்டத்தில் முதலில் கிடைத்த வேலை, காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவைக் குறிப்பது. பிறகு ஆறு வருடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருந்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்தை வாட வைப்பது, சுருட்டுவது, புளிக்க வைப்பது, காய வைப்பது, கடைசியில் ருசி பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. மழையைக் குறிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. இன்று காலைவரை குறித்திருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் கேமரன் மலைப் பட்டணமான தானா ராத்தாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன வானியல் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தேன். இந்த மலையில் வானியல் படிப்பது பாலைவனத்தில் நீச்சல் படிப்பதைப் போன்றது. ஒன்று மேகம், இல்லாவிட்டால் பனிமூட்டம். நட்சத்திரம் தெரிந்த நாளை மட்டும் நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதுவேன். ஒரு சிவப்புப் பேனா எனக்குப் பதினோரு வருடம் வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஆபீசை நடத்தியவர் பெரிய கிராணி சதாசிவம். கிராணி என்றால் ஆபீஸ் எழுத்தர்தான். ஆனால் துரைமார் மூன்று வருடத்துக்கு ஒருவர் மாறுவார்கள், பெரிய கிராணி மாறமாட்டார். எந்தக் காகிதம் வந்தாலும் வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். கல்யாணப் பத்திரிகையையும் அப்படித்தான் படிப்பார். தவறு இருந்தால் சிவப்புப் பென்சிலால் திருத்தி, மாப்பிள்ளை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். யார் என்ன தகவல் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேட்பார்: "எந்தத் தேதி? எத்தனை மணி? யார் கண்ணால பார்த்தது?"

ஒருமுறை பன்னிரண்டாம் நம்பர் மலையில் புலி என்று இருபது பேர் கூடைகளைப் போட்டுவிட்டு ஆபீசுக்குள் ஓடி வந்தார்கள். அவர் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ரெஜிஸ்டரைத் திறந்தார். மூன்றாவது கேள்விக்கு வந்தபோதுதான், யாருமே புலியைப் பார்க்கவில்லை, ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் ஓடியவரைத்தான் பார்த்தார்கள் என்பது தெரிந்தது. கடைசியில் அது யாரோ காயப்போட்ட கோடு போட்ட கம்பளி.

இனி அஞ்சலை. கொழுந்து பறிப்பவர். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. வாய் ஓயாது, கையும் ஓயாது. மலையில் பறித்துக்கொண்டே கதை சொல்வார். அவர் நிரையில் வேலை செய்ய மற்றப் பெண்கள் போட்டி போடுவார்கள். ஒரு வானொலி நிலையம் ஆண்டுதோறும் நடத்திய நாடகப் போட்டிக்கு மூன்று முறை எழுதி அனுப்பியிருந்தார். மூன்று முறையும் பதில் இல்லை. நான்காவது முறை பதில் வந்தது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மழை பதினான்கு மில்லிமீட்டர். மாலை நான்கரை மணிக்கு, மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அஞ்சலை ஆபீசுக்கு வந்தார். ஆபீஸ் கணக்கைச் சரிபார்க்க நானும் அங்கே இருந்தேன். கடிதத்தில் இருந்தது மூன்றே வரி: 'உங்கள் பச்சைமேடு நாடகம் நடுவர்களின் கவனத்தைப் பெற்றது. ஆனால் அறிவியல் பிழைகள் உள்ளன. பதினான்கு நாள்களுக்குள் திருத்தி அனுப்பினால் ஒலிபரப்புக்குப் பரிசீலிக்கப்படும்.'

பெரிய கிராணி அடிக்கோலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

"பிழைகள் உள்ளன. எத்தனை பிழை?"

"போடலையே கிராணி ஐயா."

"எந்தப் பக்கம்?"

"அதையும் போடல. போட்டிருந்தா நானே திருத்திட மாட்டேனா? நாலு வருஷமா எழுதறேன், இப்பத்தான் ஒருத்தன் படிச்சிருக்கான். ரேடியோவுல ஒரே ஒரு தடவை 'எழுதியவர் அஞ்சலை'ன்னு வரணும் ஐயா. அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் நான் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"அதை நம்ப முடியாது லா" என்றேன்.

"நீங்கதான் நட்சத்திரம் படிக்கிறவராச்சே அண்ணே. பிழையைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லாட்டி இத்தனை வருஷம் மேகத்தைப் பார்த்துக்கிட்டு என்ன செஞ்சீங்க?"

கதை இதுதான். பச்சைமேடு என்பது எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு கோள். அங்கே ஒரு தேயிலைத் தோட்டம். இங்கிருந்து கப்பலில் ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே நம் உடம்பு மூன்றில் ஒரு பங்கு கனம்தான், ஆகவே எல்லாரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். காற்றும் பாதிதான். ஒரு நாளுக்கு நாற்பது மணி நேரம். வானத்தில் இரண்டு நிலா. வள்ளி என்ற பெண் முப்பது கிலோ கொழுந்து நிறுத்துக் காட்டினால்தான் அன்றைக்கு மலையிறங்கி வீட்டுக்குப் போக முடியும். வீட்டில் அவளுடைய குழந்தை.

பெரிய கிராணி அலமாரியிலிருந்து ஒரு புதிய கோப்பை எடுத்து, மேலே 'பச்சைமேடு டிவிஷன்' என்று எழுதினார்.

"புது டிவிஷன் திறக்கும்போது என்ன செய்வோம் மணியம்? மழை, வெயில், பெரட்டு நேரம், ரவுண்டு, தராசு. ஒவ்வொண்ணா பார்ப்போம். பிழை தானா வெளியே வரும்."

மறுநாளிலிருந்து வேலை முடிந்தபின் தினமும் நான்கரையிலிருந்து ஆறு மணிவரை மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

முதலில் நிலாக்கள் மாட்டின. நாடகத்தின் ஏழு காட்சிகளில் நான்கில் இரண்டு நிலாவும் முழு நிலவாக இருந்தன. ஒரு காட்சியில் நண்பகலில் முழு நிலவு உதித்தது. நான் கண்டின் சமையலறையிலிருந்து ஒரு முட்டைக்கோசும், கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரி இரண்டும் கொண்டுவந்தேன். மேசை விளக்குதான் சூரியன், கோசு பச்சைமேடு. ஸ்ட்ராபெரியை விளக்குக்கும் கோசுக்கும் நடுவில் பிடித்தால் கோசின் பக்கம் இருட்டு, அது அமாவாசை. கோசுக்குப் பின்னால் கொண்டுபோனால் முழுக்க வெளிச்சம், அது பௌர்ணமி. சூரியனுக்கு நேர் எதிரே நின்றால்தான் முழு நிலவு. ஆகவே சூரியன் இறங்கும்போதுதான் அது ஏறும்.

"ரெண்டும் ஒரே தூரத்துல சுத்தாது" என்றேன். "கிட்ட இருக்கிறது சீக்கிரம் சுத்தும், தள்ளி இருக்கிறது மெதுவா. சின்னதுக்குப் பௌர்ணமி ஆறு நாளைக்கு ஒருக்க, பெருசுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கன்னு வச்சுக்க. ரெண்டும் சேர்ந்து நிறையறது முப்பது நாளைக்கு ஒரு தடவைதான்."

பெரிய கிராணி கோப்பில் எழுதினார்: 'இரட்டைப் பௌர்ணமி: 30 நாளுக்கு ஒன்று. 2, 4, 5ஆம் காட்சிகள் திருத்த வேண்டும்.'

"காதல் சீனை என்ன பண்றது?" என்றேன்.

"ஒண்ணு பாதியா இருக்கட்டும் அண்ணே. காதல் பாதி வெளிச்சத்துலயும் வரும். கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் யாரையும் முழுசாவா பார்த்தோம்?"

பெரிய கிராணி அதையும் எழுதப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். அன்றைக்கு ஒரு நிலாவை அஞ்சலை தின்றுவிட்டார் என்பது கோப்பில் இருக்கிறது.

அடுத்தது நாள். இங்கே எனக்கும் பெரிய கிராணிக்கும் மூன்று மாலைகள் போயின; ஏனென்றால் இருவருக்கும் தேதிப் பைத்தியம். பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. பச்சைமேட்டில் பகல் மட்டுமே இருபது மணி நேரம். காலையில் ஒரு பெரட்டு வைத்தால் சாயங்காலத்துக்குள் ஆள் செத்துவிடும். ஆகவே ஒரு பகலுக்கு இரண்டு பெரட்டு. அப்படியானால் இரண்டாவது பெரட்டுக்கு வந்தவன் வந்த தேதி முதல் பெரட்டுக்காரனின் தேதியா, அடுத்த தேதியா?

"அதே தேதிதான். சூரியன் மாறலையே" என்றார் பெரிய கிராணி.

"ஆனா அவன் நடுவுல தூங்கி எழுந்தானே. அவனுக்கு அது நாளைக்கு."

"தோட்டத்துல ஒருத்தன் தூங்கி எழுந்தா தேதி மாறும்னா, நம்ம ஸ்டோர் கிராணிக்கு மதியத்துலயே நாலு தேதி மாறிடும்."

அஞ்சலைக்குச் சலித்துவிட்டது. "ரெண்டு பேரும் பசியாறிட்டு வந்து சண்டை போடுங்க. வள்ளி இன்னும் மலையிலயே நிக்கிறா."

கொழுந்து ரவுண்டு என்பது ஒரு மலையைப் பறித்து முடித்து மறுபடி அதே மலைக்கு வருவதற்கு ஆகும் காலம். இங்கே பத்து நாள் என்று வைத்தால், அங்கே ஆறு நாள். அது வெறும் கணக்கு. ஆனால் செடிக்குக் காலண்டர் தெரியாது, சூடுதான் தெரியும். குளிர்ந்த மாதங்களில் நம் மலையிலேயே ரவுண்டு நீளும். இருபது மணி நேர இரவில் மலை எவ்வளவு குளிரும் என்று தெரியாமல் ரவுண்டைச் சொல்ல முடியாது என்றேன். பெரிய கிராணி 'ரவுண்டு: 6 முதல் 8 நாள், வெப்பமானி வந்தபின் உறுதி செய்யப்படும்' என்று எழுதினார். வெப்பமானி யார் கொண்டுவருவார்கள் என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாவது தவறு என் தொழிலைத் தொட்டது. நாடகத்தில் கங்காணி கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறார். எங்கள் மலையிலேயே தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை. தொழிற்சாலை வெப்பமானியால் நானே பலமுறை அளந்திருக்கிறேன். தொண்ணூற்றைந்தை ஒட்டித்தான் நிற்கும். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். பச்சைமேட்டில் காற்று பாதி. எண்பத்தொரு டிகிரியிலேயே தளபுளவென்று கொதித்துவிடும். செவ்வாய்க் கோளில் திறந்த வெளியில் வைத்தால் ஏறக்குறைய பனிக்கட்டிச் சூட்டிலேயே கொதிக்கும். கொதிக்கிற தண்ணீருக்குள் கையை விட்டால் விறைக்கும். இதைச் சொன்னபோது அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருடம் நான் சம்பாதித்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

"எண்பத்தொண்ணுல சாயம் இறங்காது" என்றேன். "அந்தத் தேத்தண்ணியை நான் பாஸ் பண்ண மாட்டேன்."

"நீங்க பாஸ் பண்ண வேண்டாம் அண்ணே, கங்காணி குடிச்சாப் போதும். குக்கர்ல போட்டா?"

போடலாம். மூடி அழுத்தினால் சூடு ஏறும். குக்கர் தேத்தண்ணி அப்படித்தான் நாடகத்துக்குள் வந்தது. நியாயப்படி, மூன்றில் ஒரு பங்கு ஈர்ப்புள்ள கோள் அவ்வளவு காற்றைப் பிடித்து வைத்திருக்குமா என்பதே சந்தேகம். சனிக் கோளின் பெரிய நிலவுக்கு ஈர்ப்பு அதைவிடக் குறைவு, காற்று நம்மைவிட அடர்த்தி. ஆனால் அங்கே தாங்க முடியாத குளிர். பச்சைமேட்டில் காற்று மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறது, வள்ளியின் ஆயுளுக்குப் போதும் என்று முடிவு செய்தோம்.

ஒன்பதாவது நாள், புதன்கிழமை, மழை இல்லை. பதினோரு பிழைகளைத் திருத்திவிட்டோம். கோப்பில் கடைசியாக இருந்தது தராசு. பெரிய கிராணி அந்த இடத்தில் முன்னதாகவே 'சரி' என்று எழுதிவிட்டார். எங்கள் தோட்டத்துத் தராசு அவருடைய பெருமை. ஆண்டுதோறும் அதிகாரிகள் வந்து படிக்கற்களை வைத்துச் சோதித்து முத்திரை ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்த முத்திரையை அவர் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பார். பச்சைமேட்டுக்கும் அதே தராசைத்தான் மனதுக்குள் அனுப்பியிருந்தார்: கொக்கியில் மூட்டையைத் தொங்கவிட்டால் எண் காட்டுகிற தராசு.

அஞ்சலை தம் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அண்ணே, அங்க கூடை மூணுல ஒரு பங்குதான் கனமா இருக்கும்னு சொன்னீங்க."

"ஆமா."

"முதுகுக்கு லேசு."

"ஆமா."

"அப்ப கொக்கிக்கு மட்டும் கனமா இருக்குமா?"

நான் கொக்கித் தராசை மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். அதற்கு உள்ளே இருப்பது இழுப்பை அளக்கும் கருவி. இழுப்பு மூன்றில் ஒரு பங்கென்றால் எண்ணும் மூன்றில் ஒரு பங்குதான். வள்ளி முப்பது கிலோ பறித்துவந்து மாட்டினால் அது பத்து காட்டும். முப்பது காட்ட வேண்டுமானால் தொண்ணூறு கிலோ பறிக்க வேண்டும். சுமக்க முடியும், முதுகுக்கு முப்பது போலத்தான் இருக்கும். ஆனால் பறிப்பது மொத்தமும் தொண்ணூறு. துள்ளி இறங்கும்போது அவள் நிற்க நினைத்தாலும் அந்தக் கூடை நிற்காது. ஆறு வருடம் கொழுந்து நிறுத்தவன் நான். புத்தகத்தில் பொருளின் அளவான நிறை வேறு, அதன் மீதான இழுப்பான எடை வேறு என்று எத்தனையோ முறை படித்தவன். எங்கள் ரெஜிஸ்டரில் பத்தியின் தலைப்பே 'நிறை/எடை' என்று இருந்தது. அந்தச் சாய்வுக்கோட்டை ஒரு நாளும் நான் கேள்வி கேட்டதில்லை.

"தராசு பொய் சொல்லாது" என்றார் பெரிய கிராணி. குரல் உயர்ந்திருந்தது.

"நான் பொய்ன்னு சொல்லல ஐயா. அந்தப் புள்ள மலையிறங்க முடியலன்னு சொல்றேன்."

அவர் நம்பவில்லை. யார் கண்ணால் பார்த்தது என்று கேட்டார். மறுநாள் பார்க்க ஏற்பாடு செய்தேன்.

தொழிற்சாலையில் கொழுந்து மூட்டைகளை வாட்டும் மாடிக்கு ஏற்றுகிற ஒரு பழைய மின்தூக்கி உண்டு. கிளம்பும்போது கோபித்துக்கொண்ட மாடு போல ஒரு உதறு உதறும். அதற்குள் கொக்கித் தராசைக் கட்டி, இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தொங்கவிட்டேன். 'ஆட்களை ஏற்றக்கூடாது' என்று எழுதியிருந்ததால் பெரிய கிராணி எங்களில் யாரையும் உள்ளே விடவில்லை. அஞ்சலையின் கைப்பேசியை எண்ணுக்கு நேரே கட்டிப் படம் எடுக்க விட்டோம். கைப்பேசியும் ஆளில் சேருமா என்று பெரிய கிராணி ஒரு நிமிடம் யோசித்ததைப் பார்த்தேன்.

மின்தூக்கி மாடியிலிருந்து கீழே கிளம்பியது. படத்தை மூவரும் தலையோடு தலை முட்டப் பார்த்தோம். இருபத்தைந்து, உதறியது, கீழே விழும் அந்தக் கணத்தில் இருபத்திரண்டு, மறுபடி இருபத்தைந்து. பிறகு, தண்டில் குண்டை நகர்த்தி நிறுக்கிற பழைய மேடைத் தராசை ஸ்டோரிலிருந்து எடுத்துக் காட்டினேன். அது ஒரு கனத்தை இன்னொரு கனத்தோடு ஒப்பிடுவது. ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் குறையும், கணக்கு மாறாது. பச்சைமேட்டிலும் அது முப்பதை முப்பது என்றே சொல்லும்.

பெரிய கிராணி படத்தை ஏழு தடவை ஓடவிட்டார். அடிக்கோல் கையிலேயே இருந்தது. வைக்க வரி இல்லை.

"முத்திரை குத்தின தராசு" என்றார் கடைசியில். "எந்தத் தேதி குத்தினது, தெரியும். எத்தனை மணி, தெரியும். யார் பார்த்தது, தெரியும்." அடிக்கோலைப் பைக்குள் செருகினார். "எந்த இடத்துல குத்தினதுன்னு நான் கேக்கவே இல்ல, மணியம்."

ஆனால் அன்று மாலையே வேறு சண்டை தொடங்கியது. அஞ்சலை நாடகத்தையே மாற்றப்போவதாகச் சொன்னார். இனி அது காதல் கதை இல்லை, தராசுக் கதை. வள்ளி பத்து நாளாக மலையிறங்க முடியாமல் இருக்கிறாள். துள்ளும்போது லேசாக இருக்கிற தன் கூடையைக் கவனித்து, தராசுதான் தப்பு என்று அவளே கண்டுபிடிக்கிறாள்.

"கூடாது" என்றார் பெரிய கிராணி. "தோட்டத்துத் தராசு தப்புன்னு ரேடியோவுல வந்தா, கேக்கிறவன் நம்ம தோட்டம்னு நினைப்பான். முப்பத்தொரு வருஷம் ஒரு கிராம் பிசகாம நிறுத்திருக்கேன்."

"ஐயா, ரெண்டு நிலா போட்டிருக்கேன். அது நம்ம தோட்டம்னு எவன் நினைப்பான்?"

"கிராணிய வில்லனா போடுவ."

"வேற யாரைப் போடறது?"

"கடிதத்தைத் திருப்பிக் குடுத்துடு. நான் இதுல இல்ல."

கோப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். நாலு நாள்தான் பாக்கி. அஞ்சலை அழவில்லை, மேசை மேல் இருந்த மிச்ச ஸ்ட்ராபெரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாலு வருஷம் அண்ணே" என்று மட்டும் சொன்னார். நான் கோசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு மழைமானி அருகே பெரிய கிராணி நின்றுகொண்டிருந்தார். தூங்கிய முகமாகத் தெரியவில்லை.

"அவகிட்ட சொல்லு. அந்தக் கிராணி திருடன் இல்ல. தெரியாம நிறுத்தான். தெரிஞ்ச அன்னிக்கே பழைய தராசை இறக்கினான். அப்படி எழுதினா நானே சுத்தமா டைப் அடிச்சுத் தரேன்."

அப்படியே எழுதினார் அஞ்சலை. பெரிய கிராணி இரண்டு விரலால் பத்தொன்பது பக்கம் அடித்தார். பன்னிரண்டாவது நாள், சனிக்கிழமை, தானா ராத்தா அஞ்சலகத்தில் அனுப்பினோம். ரசீது கோப்பில் இருக்கிறது. அடுத்த வாரமே ஆபீஸ் ரெஜிஸ்டர்கள் அத்தனையிலும் 'நிறை/எடை' என்ற தலைப்பில் 'எடை' மட்டும் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒலிபரப்பு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்று தகவல் வந்தது. எங்கள் லயங்கள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகள், பள்ளத்தில் இருப்பதால் ரேடியோ பாதி நேரம் இரைச்சல்தான், கைப்பேசிச் சிக்னலும் அப்படியே. ஆகவே தோட்டத்து லோரியில் டிரைவரோடு பத்து பேர் ஏறி, அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் கியா பார்ம் மேட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் பக்கம் போகக் கூடாது என்பது இந்த மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மேட்டுக்குச் சற்றுக் கீழே ஜாமில் மாட்டிக்கொண்டோம். முன்னால் காடிகள், பின்னால் ஒரு சுற்றுலா பஸ், பக்கத்தில் சோளம் விற்கும் கடை. நல்லவேளை, ரேடியோ அங்கேயே தெளிவாகக் கேட்டது.

நாடகம் அருமையாக இருந்தது. குக்கர் விசில் வந்தபோது கைதட்டினோம். பெரிய கிராணி முன் இருக்கையில், மடியில் கோப்புடன், வசனத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் காட்சியில் பச்சைமேட்டுக் கிராணி கொக்கித் தராசைக் கழற்றிவிட்டு, "வள்ளி, நான் தெரியாம நிறுத்திட்டேன். நீ மலையிறங்கு" என்றார். வள்ளி, "போயிட்டு வரேன் சதாசிவம் ஐயா" என்றாள்.

அந்தப் பெயர் டைப் அடித்த காகிதத்தில் இல்லை. உறையை ஒட்டுவதற்கு முன் அஞ்சலை பேனாவால் சேர்த்திருக்கிறார். பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

இசை ஓய்ந்தது. அறிவிப்பாளர், "இந்த நாடகத்தை எழுதியவர், கேமரன் மலையைச் சேர்ந்த" என்றார். முன்னால் நின்ற காடி இரண்டு அடி நகர்ந்தது. எங்கள் டிரைவர் ரேடியோவில் ஆழ்ந்திருந்ததால் நகரவில்லை. பின்னால் நின்ற சுற்றுலா பஸ் ஹார்ன் அடித்தது. மனம் விட்டு, நீளமாக அடித்தது. ஹார்ன் நின்றபோது ரேடியோவில் பல்பொடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலைதான் முதலில் சிரித்தார்.

"கிராணி பேரு கணீர்னு கேட்டுச்சு. என் பேருக்குத்தான் ஹார்ன். போங்க லா!"

பெரிய கிராணி லோரியிலேயே விசாரணையைத் தொடங்கினார். இந்தத் தடவை நான்காவது கேள்வியும் இருந்தது. "நீ எந்த இடத்துல உட்கார்ந்திருந்த?" மூன்று பேர் 'அஞ்சலை' என்று கேட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் 'அஞ்சலி' என்றார்கள். பின்னால் இருந்த ஒருவர் ஹார்ன் மட்டும் என்றார். டிரைவருக்குப் பஸ்ஸைத் திட்டிய தம் குரல் மட்டும் கேட்டதாம். நான் 'அஞ்ச' வரை கேட்டேன். சித்தியவான் ஊரில் இருக்கும் அஞ்சலையின் நாத்தனார், "உன் பேரைத் தெளிவாச் சொன்னாங்க" என்றாராம், ஆனால் "என் பேரைச் சொன்னாங்களா?" என்று அஞ்சலை போனில் கேட்ட பிறகுதான். கேள்வியிலேயே பதில் இருந்ததால் அந்தச் சாட்சி செல்லாது என்று பெரிய கிராணி தள்ளிவிட்டார். நிலையத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது: பதிவு வைத்திருப்பதில்லை, பாராட்டுக்கு நன்றி.

அவர் இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். அஞ்சலை இன்னும் மலையில்தான். ஆறாவது நாடகம் எழுதுகிறார். அதில் சூரியன் இரண்டு. நேற்று மாலை பஸ் நிலையத்தில் பார்த்தபோது, ஒரே நேரத்தில் இரண்டு நிழல் விழுமா என்று கேட்டார். விழும் என்றேன். அப்படியானால் முதலிலிருந்து திருத்த வேண்டும், இன்றைக்கும் தூக்கம் போச்சு என்றார்.

ஷாலினி, அப்படியானால் கோப்பை மூடலாமா என்று கேட்பீர்கள். முடியாது. தீராத குறிப்பு ஒன்று இருக்கும்வரை எந்தக் கோப்பையும் மூடக்கூடாது என்பது பெரிய கிராணி வைத்த விதி. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், அவர் கையெழுத்து. பதினோரு பிழைகளுக்கும் தராசுக்கும் எதிரே 'தீர்ந்தது' என்று இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி: 'எழுதியவர் பெயர் வானொலியில் சரியாகச் சொல்லப்பட்டதா? சரிபார்க்கப்படவில்லை.'

இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு, ஜாமில் மாட்டாத ஓர் இடத்தில் உட்கார்ந்து கேட்டவர் யாராவது இருந்தால், ஆபீசுக்கு ஒரு வரி எழுதிப் போடவும். எந்த இடம் என்பதையும் குறிப்பிடவும்.